ஜூ நெகாராவா, அக்குவேரியாவா, பறவைப் பூங்காவா?

பள்ளி விடுமுறைக்குக் கோலாலம்பூர் பக்கம் எங்கே போவது என்று எங்கள் வீட்டில் மூன்று இடங்கள் பேச்சில் அடிபட்டன: உலு கிள்ளானில் இருக்கும் தேசிய விலங்குக்காட்சி சாலையான ஜூ நெகாரா, கேஎல்சிசியில் இருக்கும் மீன் காட்சியகமான அக்குவேரியா, லேக் கார்டன் பக்கத்துப் பறவைப் பூங்கா. செந்தூலிலிருந்து கிளம்புவது ஐந்து பேர். நான், மனைவி, ஒன்பது வயது மகன், நாலு வயது மகள், முழங்கால் வலியோடு என் அம்மா. கடைசியில் ஜூவுக்குத்தான் போனோம். அதனால் என் தராசு ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

டிக்கெட் விலையை நீட்டி முழக்க வேண்டாம். மைகார்டு (மலேசிய அடையாள அட்டை) காட்டினால் மூன்றிலும் குறையும். மழை பெய்தால் அக்குவேரியாதான் கெட்டிக்காரத்தனம்.

எங்களுக்கு முடிவைச் சொன்னது வேறு விஷயம்: அம்மா உட்கார வேண்டும், உட்கார்ந்த இடத்திலிருந்தே எதையாவது பார்க்க வேண்டும். அக்குவேரியாவுக்கு முன்பு போயிருக்கிறோம். 90 மீட்டர் கண்ணாடிச் சுரங்கத்தில் நகரும் நடைபாதை இருக்கிறது, முழங்காலுக்கு நல்லதுதான். தலைக்கு மேல் சுறா போகும்போது மகள் வாயைப் பிளந்தாள். ஆனால் விடுமுறைக் கூட்டத்தில் பின்னால் வருபவர்கள் நம்மைத் தள்ளிக்கொண்டே போகிறார்கள். ஒன்றரை மணி நேரத்தில் வெளியே வந்துவிட்டோம். அதற்கப்புறம் சூரியா மால்தான். அங்கே பிள்ளைகள் கேட்டதை வாங்கியதில் டிக்கெட் காசைவிட அதிகம் செலவாயிற்று.

ஜூவில் அப்படி யாரும் நம்மைத் தள்ளுவதில்லை. 1963-இல் அப்போதைய பிரதமர் துங்கு அப்துல் ரஹ்மான் திறந்துவைத்த இடம், 110 ஏக்கர். நடந்தே முடிப்போம் என்று கிளம்பினால் அம்மா மட்டுமல்ல, நானும் பாதியில் படுத்துவிடுவேன். டிராமில் ஒரு சுற்று வந்துவிட்டு, பிடித்த இரண்டு மூன்று இடங்களில் மட்டும் உட்காருவோம் என்று முடிவு செய்தோம். அது பலித்தது.

பன்றி போன்ற உடம்புள்ள தாப்பிர் என்ற விலங்கின் கூண்டுக்கு எதிரே நிழலில் ஒரு பெஞ்ச். காலை வெயில் ஏறுவதற்கு முன்பு தாப்பிர் குட்டையில் இறங்கி, குட்டித் தும்பிக்கை போன்ற மூக்கைத் தூக்கித் தூக்கி மோந்தது. முன்னும் பின்னும் கறுப்பு, நடுவில் வெள்ளை. "பாட்டி, பாதிதான் பெயிண்ட் அடிச்சிருக்காங்க" என்றாள் மகள். அம்மா சிரித்துக்கொண்டே புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்தார். அரை மணி நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை.

"பாண்டா இல்லாத ஜூவா?" என்று கேட்ட நண்பருக்குப் பதில் சொல்ல வேண்டும். 2014-இல் வந்த சிங் சிங், லியாங் லியாங் ஜோடி 2025 மே மாதம் சீனாவுக்குத் திரும்பிவிட்டது உண்மை. முன்பு பார்க்கப் போனபோது ஏசி கட்டடத்தில் வரிசையில் நின்று, தூங்கும் முதுகைத்தான் பார்த்தோம். எங்களுக்குப் பெரிய இழப்பில்லை. மகன் மட்டும் ஒத்துக்கொள்ளமாட்டான்.

பறவைப் பூங்காவைக் குறை சொல்ல எனக்குத் தகுதி குறைவு, ஒரே ஒரு முறைதான் போனேன், அதுவும் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பு. ஏறக்குறைய 21 ஏக்கர், பெரிய வலைக்கூரையின் கீழ் பறவைகள் நம் காலடியிலேயே திரியும். மயில் பாதையை மறித்து நின்றது நினைவிருக்கிறது. ஏற்ற இறக்கமும் நினைவிருக்கிறது. முழங்கால் வலி இல்லாத குடும்பத்துக்கு, அதிலும் அரை நாள்தான் கையில் இருக்கிறதென்றால், அதையே சொல்லுவேன்.

ஜூவுக்குப் போவதென்றால் 9 மணிக்கே வாசலில் நில்லுங்கள். இதற்கு முந்தைய முறை பதினொன்றரைக்குப் போய்ச் சேர்ந்தோம். புலி மர நிழலில் புரண்டுகூடப் படுக்கவில்லை, இரண்டு மணிக்கெல்லாம் இடி மழை. இந்த முறை மழைக்கு முன்பே காரில் ஏறிவிட்டோம். சிங்கத்தைப் பார்க்கவில்லை. மகன் அதை வீடு வரைக்கும் சொல்லிக்கொண்டே வந்தான்.