தேவாலய ஃபிளாட்டுக்கு புக்கிங் காசு கட்ட முதல் இதை வாசியுங்கோ

நேற்று இரவுதான் கடைசி ஈமெயில் வந்தது. புக்கிங் காசு திரும்பாதாம். 6,500 பவுண்! கை இன்னும் பதறுது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

இங்கிலாந்தில் பூட்டிக் கிடந்த ஒரு விக்டோரியா காலத்துத் தேவாலயம், பாதுகாக்க வேண்டிய பழைய கட்டடங்களின் பட்டியலில் கிரேட் 2 தரத்தில் உள்ளது. அதை எட்டு ஃபிளாட்டாகப் பிரித்து விற்கிற ஒரு நிறுவனம். காட்ட வந்த தம்பி எங்கட ஆள், தமிழிலேயே கதைச்சவன். பின்னேர வெயில் வர்ணக் கண்ணாடிக்குள்ளால விழுந்து தரையெல்லாம் சிவப்பும் நீலமுமாக் கிடந்தது. மனிசி மரக்கூரையை அண்ணாந்து பார்த்தபடி நிண்டா. அவன் தூணில கையை வைச்சு, “கல்லுக் கட்டடம் அண்ணை, ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பெர்மிஷன் எல்லாம் எடுத்தாச்சு. இண்டைக்குக் கட்டினா இந்த ஜன்னல் உங்களுக்கு” எண்டான். அந்த ஜன்னலுக்காகத்தான் கட்டினன். ரசீதின் பின்பக்கத்தைத் திருப்பியும் பார்க்கேல்லை.

பிறகுதான் சொலிசிட்டர் சொன்னார்: அவன் காட்டினது பிளானிங் பெர்மிஷன் மட்டும். பட்டியலில் உள்ள கட்டடத்தில கைவைக்க லிஸ்டட் பில்டிங் கன்சென்ட் எண்ட அனுமதி தனியா வேணும். என்ர படுக்கையறைக்கெண்டு போட்ட இடைத்தளம் அதே உயர ஜன்னலைக் குறுக்கால வெட்டுது; அதுக்குக் கன்சென்ட் இல்லை. பட்டியல் கட்டடங்களுக்கான 1990 சட்டப்படி, கன்சென்ட் இல்லாமல் அப்பிடி வேலை செய்யிறது குற்றம். செய்தவன் வித்துப்போட்டுப் போனாலும், சரிசெய்யச் சொல்லுற கவுன்சில் நோட்டீஸ், ஃபிளாட்டை வாங்கினவனுக்கு வரலாம். அதுக்குக் காலவரையறையும் இல்லையாம். இருபது வருஷம் கழிச்சும் கட்டிலுக்குக் கீழ இருக்கிற தளத்தை உடை எண்டு சொல்லலாம்!

காசைக் கேட்டன். “திங்கள் எடுக்கிறன் அண்ணை.” அடுத்த கிழமை மனேஜர் லீவு. அதுக்கடுத்து “கன்சென்ட் வந்துகொண்டிருக்கு.” ஈமெயிலில் அண்ணை “அன்பான வாடிக்கையாளர்” ஆகிவிட்டார்; மனம் மாறினது நான்தானாம், அதனால் 6,500 பவுணும் அவைக்காம்.

விவரமா எழுதலாம் எண்டுதான் தொடங்கினன், முடியேல்லை. கன்சென்ட் நம்பரைக் கேட்டு கவுன்சில் இணையத்தளத்தில் நீங்களே தேடுங்கோ. ஜன்னல், இடைத்தளம், கூரை ஒவ்வொண்டும் அதில் இருக்குதா பாருங்கோ. வளவில் கல்லறை இருந்தால், தேவாலயம் விற்கேக்க போட்ட நிபந்தனைகளையும் சொலிசிட்டரிட்டக் கேளுங்கோ. அவர் பார்க்காமல் ஒரு பவுணும் குடுக்காதேங்கோ, தமிழ் கதைச்சாலும்.

மனிசி ஜன்னல் சீலைக்கு அளவெடுத்து வைச்சிருக்கிறா. அவவுக்கு இன்னும் சொல்லேல்லை.