பெரியவர்களின் பேச்சா, பழைய காகிதமா, டிஎன்ஏ சோதனையா?

"தாய்மாமனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான்" என்று பிள்ளையைப் பார்த்ததும் சொல்லிவிடுகிறோம். அந்த ஜாடை எங்கிருந்து வருகிறது, அதோடு வேறு என்னென்ன சேர்ந்து வருகிறது என்று தேட உட்கார்ந்தால் மூன்று வழிகள் உண்டு: பெரியவர்களைக் கேட்பது, பழைய காகிதங்களைப் புரட்டுவது, எச்சிலை டிஎன்ஏ சோதனைக்கு அனுப்புவது. என்னைக் கேட்டால், பெரியவர்களின் பேச்சுக்குத்தான் முதலிடம்.

பெயர், தேதி, யார் யாருக்குப் பிள்ளை என்பதற்கெல்லாம் காகிதத்தை மிஞ்ச எதுவும் இல்லை. பெரியவர்கள் தடுமாறுவதும் சரியாக இங்கேதான். ஆனால் கொள்ளுத்தாத்தாவின் கைநாட்டு இருக்கிற பத்திரம், அவருக்கு முப்பதிலேயே தலை நரைத்ததா, வயதான பின் காது கேட்காமல் போனதா என்று சொல்லாது. இறப்புச் சான்றிதழில் காரணம் எழுதியிருந்தால் அது ஒரு வரி லாபம்.

டிஎன்ஏ சோதனை வேறு ரகம். நம் டிஎன்ஏ அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பாதிப் பாதி வருகிறது. தாத்தா பாட்டி ஒவ்வொருவரிடமிருந்தும் சராசரியாக 25 சதவீதம், ஒரு கொள்ளுத்தாத்தாவிடமிருந்து 12.5. இன்னும் மேலே போகப் போக, சில முன்னோர்களின் சுவடே நம் உடலில் இல்லாமல் போகலாம். தொலைந்த உறவைத் தேடுபவருக்கும், தத்துப் போனவருக்கும் இதைவிட நல்ல வழி கிடையாது. நோய் விஷயத்தில் மட்டும் கவனமாக இருங்கள். வீட்டுக்கு வரும் சோதனைகள் பெரும்பாலும் தேர்ந்தெடுத்த சில மரபணு மாற்றங்களைத்தான் பார்க்கின்றன. 'இல்லை' என்று வந்தால் ஆபத்தே இல்லை என்று அர்த்தம் ஆகாது. அப்புறம், நீங்கள் கொடுப்பது உங்கள் தகவல் மட்டுமல்ல, உங்கள் சொந்தக்காரர்களுடையதும்தான். 2023-இல், இப்படி வீட்டுக்கே டிஎன்ஏ சோதனை அனுப்பும் 23அண்ட்மீ நிறுவனத்தில் சுமார் 69 லட்சம் பேரின் தகவல்கள் திருடு போயின. 2025 மார்ச்சில் அது திவால் மனு கொடுத்தது.

பேச்சின் பலம் எனக்குப் புரிந்தது ஒரு நூல்கண்டால். "உன் பெரிய மாமா சின்ன வயதில் சிவப்பு நூலை எடுத்து வா என்றால் பச்சையை எடுத்து வருவான், அடி வாங்குவான்" என்றார் என் சித்தி. என் தம்பியும் அதே தப்பைச் செய்பவன். சிவப்பு-பச்சை நிறக்குருடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவது. அப்பாவிடமிருந்து மகனுக்கு வராது, அம்மா வழியாகத்தான் வரும். பாட்டியிடமிருந்து மாமாவுக்கும் அம்மாவுக்கும், அம்மாவிடமிருந்து தம்பிக்கு. அடி வாங்கிய அந்தக் கதை எந்தப் பத்திரத்திலும் இல்லை.

பேச்சிலும் பள்ளங்கள் உண்டு. 'மாமா' என்றால் அம்மாவின் அண்ணனா, அத்தையின் கணவரா? முன்னவருக்கு நம்மோடு ரத்த உறவு, பின்னவருக்கு இருக்க வேண்டும் என்பதில்லை. அதனால் கேட்கும்போதே "யாருடைய அண்ணன்?" என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதைப் படமாகவும் போடலாம்: பரம்பரையைக் காட்டும் மரபியல் படத்தில் ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், அந்தக் குணம் உள்ளவருக்கு உள்ளே நிரப்பிய கறுப்பு. ஒரு தாளில் மூன்று தலைமுறை அடங்கும்.

ஒத்துப்போவதெல்லாம் பரம்பரை என்றும் முடிவுகட்ட வேண்டாம். நாக்கைக் குழல்போல் மடிப்பது ஒரே மரபணுவின் வேலை என்று 1940-இல் மரபியல் அறிஞர் ஆல்ஃபிரட் ஸ்டர்டெவன்ட் எழுதினார். 1952-இல் ஒரே மரபணுக்களைக் கொண்ட 33 ஜோடி ஒத்த இரட்டையரைப் பார்த்தபோது, 7 ஜோடிகளில் ஒருவரால் முடிந்தது, மற்றவரால் முடியவில்லை.

காகிதம் இன்னும் பத்து வருடம் காத்திருக்கும், சோதனையும் காத்திருக்கும். பெரியவர்களால்தான் முடியாது. ஆனால் "நம் குடும்பத்தில் என்ன நோய்?" என்று ஆரம்பித்தால் "அப்படி ஒன்றும் இல்லை" என்று பேச்சு முடிந்துவிடும். பழைய குரூப் போட்டோ ஒன்றைக் கையில் கொடுத்து, போனில் பதிவை ஓடவிட்டு, ஓரத்தில் நிற்பவர் யார் என்று மட்டும் கேளுங்கள்.