ஜிம்மில் விற்ற புரோட்டீன் டப்பா: தம்பிமார்கள், அவர்கள் வீட்டார் கவனத்துக்கு

ஜிம்மில் ட்ரெய்னர் கையில் கொடுக்கும் புரோட்டீன் பவுடரை பில் இல்லாமல் வாங்காதீர்கள். அவர் எவ்வளவு நல்லவராகப் பழகினாலும் சரி, விலையை எவ்வளவு குறைத்தாலும் சரி. என் தம்பிக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன். அவன் வயதுப் பையன்கள் வீட்டில் இருந்தால் அவர்களுக்கும் படிக்கக் கொடுங்கள்.

தம்பி திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருக்கிறான். எடை அறுபது கிலோ. சனிக்கிழமை சம்பளம். ரூம் வாடகை, மெஸ், வீட்டுக்கு அனுப்புவது எல்லாம் போக அவன் கையில் நிற்பது கொஞ்சம்தான். அந்தக் கொஞ்சத்திலேயே ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். காலையில் பால், நாலு அவித்த முட்டை, ராத்திரி ரூமில் குக்கர் வைத்துச் சுண்டல். ஷிப்ட் முடிந்து ஜிம்முக்குப் போவான். தோள் அகன்று, பழைய சட்டைகள் பிடிக்க ஆரம்பித்திருந்தன. உடம்பு நன்றாகவே ஏறிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் ட்ரெய்னர் ஆரம்பித்திருக்கிறார். "முட்டையை நம்பிட்டு இருந்தா இப்படியேதான் இருப்ப தம்பி. ஒரு லெவலுக்கு மேல சப்ளிமென்ட் இல்லாம பாடி ஏறாது." வெளிநாட்டு பிராண்ட் பெயர் போட்ட ஒரு கிலோ டப்பா. கடையில் 3,500, தெரிந்த டீலர் மூலம் வருவதால் 2,800, அதையும் மொத்தமாகத் தர வேண்டாம், வாரம் 700 ரூபாய் ஜிபே பண்ணினால் போதும் என்றாராம். சனிக்கிழமை சம்பளம் வாங்கும் பையன்களைப் பார்த்துப் போட்ட கணக்கு அது. பணம் போனது ஜிம் கணக்குக்கு அல்ல, அவருடைய சொந்த நம்பருக்கு. பில் கேட்டதற்கு, "நமக்குள்ள என்னடா பில்லு" என்றிருக்கிறார்.

எனக்கு ஆறாத இடம் இதுதான். வாரம் 700 ரூபாயை அவன் எங்கிருந்து எடுப்பான்? பாலை நிறுத்தினான். முட்டையை நிறுத்தினான். பவுடரில்தான் எல்லாம் இருக்கிறதே, இரண்டுக்கும் எதற்குச் செலவு என்று நினைத்துவிட்டான். நாள் முழுக்க நின்று வேலை பார்த்து, அதற்கு மேல் வெயிட்டும் தூக்கும் பையன், முன்பு சாப்பிட்டதைவிடக் குறைவாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பணம் போனதுகூட எனக்குப் பெரிதில்லை. அவன் தட்டில் இருந்த முட்டையை ஒருவர் எடுத்துவிட்டார்.

ஆடிக்கு லீவு போட்டு ஊருக்கு வந்தபோது முகம் வாடியிருந்தது. வயிறு உப்புசம், முன்பு தூக்கிய வெயிட் இப்போது ஏறவில்லை என்றான். பையில் டப்பாவும் இருந்தது. ஒரு டப்பா முடிந்து இரண்டாவது ஓடிக்கொண்டிருந்தது.

நான் ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு பள்ளியில் ஆய்வக உதவியாளராக இருக்கிறேன். டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்ததுமே சந்தேகம் வந்துவிட்டது. தயாரிப்புத் தேதியைக் கட்டைவிரலால் தேய்த்தேன், மை விரலோடு வந்தது. மூடிக்கு அடியில் இருந்த வெள்ளித்தாள் சீல் வெப்பத்தில் ஒட்டியதாகத் தெரியவில்லை. விளிம்பில் பசை திட்டுத் திட்டாக நின்றது. வெளிநாட்டிலிருந்து வரும் உணவுப்பொருள் எதுவானாலும் இங்கே இறக்குமதி செய்தவர் பெயர், முகவரி, அவருடைய எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) உரிம எண் ஆகியவை லேபிளில் இருந்தாக வேண்டும். 14 இலக்க எண் அது. இந்த டப்பாவில் எஃப்எஸ்எஸ்ஏஐ முத்திரைப் படம் மட்டும் இருந்தது. எண்ணும் இல்லை, இறக்குமதியாளர் பெயரும் இல்லை.

ஒரிஜினலா என்று பார்த்துக்கொள்ள ஒரு சுரண்டும் ஸ்டிக்கரும் க்யூஆர் கோடும் இருந்தன. ட்ரெய்னர் தம்பி கண்ணெதிரிலேயே ஸ்கேன் பண்ணி, பச்சை டிக் விழுந்ததைக் காட்டித்தான் விற்றிருக்கிறார். நான் அதே பக்கத்தைத் திறந்து வாய்க்கு வந்த எண்களைத் தட்டினேன். அதற்கும் பச்சை டிக். எல்லாம் ஒன்றாகவே அடித்தேன். அதற்கும் "ஒரிஜினல்" என்றே வந்தது. கம்பெனியின் உண்மையான இணைய முகவரியில் ஓர் எழுத்தை மாற்றி ஒரு போலிப் பக்கம் செய்து வைத்திருக்கிறார்கள். டப்பாவில் உள்ள கோடை ஸ்கேன் செய்து வரும் பக்கத்தை நம்பாதீர்கள். கம்பெனியின் தளத்தை நீங்களாகவே தேடிப் போய் அதில் எண்ணைப் போட்டுப் பாருங்கள்.

அப்புறம் இரண்டு டம்ளர் எடுத்தேன். ஒன்றில் ஆறிய தண்ணீரில் ஒரு ஸ்பூன் பவுடரைக் கலக்கி, மேலே இரண்டு சொட்டு அயோடின் விட்டேன். சொட்டு விழுந்த இடத்தில் கருநீலம் பிடித்து, கலக்கியதும் டம்ளர் முழுக்கப் பரவியது. மாவுச்சத்து இருந்தால்தான் இந்த நிறம் வரும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். லேபிளில் உள்ள பொருள் பட்டியலில் மாவு என்று ஒரு வார்த்தை கிடையாது. இன்னொரு டம்ளரில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றினேன். டப்பாவில் போட்டிருந்த வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து சீஸ் எடுக்கும்போது மிஞ்சும் நீரில் உள்ள புரதம். சூடு பட்டால் அது திரிந்து கட்டி கட்டியாக நிற்கும். இது கஞ்சி போல வழவழவென்று கெட்டியானது. தம்பி பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான், ஒன்றும் பேசவில்லை.

இந்தச் சோதனை எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாவு கலந்திருக்கிறது என்பது இதில் தெரியும். புரதம் எத்தனை கிராம் என்பது ஆய்வகத்தில் சோதித்தால்தான் தெரியும். அயோடினுக்கு நிறம் மாறவில்லை என்றால் டப்பா நல்லது என்று அர்த்தமும் இல்லை. மால்டோடெக்ஸ்ட்ரின் என்ற மலிவான மாவுப் பொருளைக் கலந்தால் இந்தக் கருநீலம் வராமலே போகலாம். கிளைசின், டாரின் போன்ற விலை குறைந்த அமினோ அமிலங்களைக் கலந்தால் லேப் கணக்கையே ஏமாற்றலாம். ஏனென்றால் வழக்கமான சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து அதிலிருந்து கணக்கிடுகிறது. 2008-இல் சீனாவில் பால் பவுடரில் நைட்ரஜன் அதிகமுள்ள மெலமைன் என்ற ரசாயனத்தைக் கலந்ததும் இதே வழியில்தான். குழந்தைகள் செத்தார்கள்.

போலி டப்பாதான் இப்படி என்றும் நினைக்க வேண்டாம். கொச்சியைச் சேர்ந்த கல்லீரல் மருத்துவர் சிரியாக் அபி பிலிப்ஸும் அவருடன் சேர்ந்தவர்களும் இந்தியச் சந்தையில் கிடைக்கும் 36 புரோட்டீன் பவுடர்களைச் சோதித்து 2024-இல் வெளியிட்டார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் சொன்ன புரத அளவு சரியில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. அதே ஆண்டு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐசிஎம்ஆர்) தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் வெளியிட்ட உணவு வழிகாட்டியும், உடம்பு ஏற்றுவதற்காகப் புரோட்டீன் பவுடர் எடுப்பதைத் தவிர்க்கச் சொல்கிறது. நல்ல பவுடரே இல்லை என்று நான் சொல்லவில்லை. கையில் காசு இருந்து, பில்லோடு, கம்பெனி சொல்லும் விற்பனையாளரிடம் வாங்கினால் அது அவரவர் விருப்பம். சனிக்கிழமை சம்பளத்தில் இருப்பவனுக்கு அது தேவையே இல்லை.

ட்ரெய்னருக்கு நானே போன் செய்தேன். "அக்கா, சிலருக்கு லேட்டாத்தான் பிடிக்கும். இன்னொரு டப்பா போகட்டும், அப்புறம் பாருங்க" என்றார். அயோடின் விஷயத்தைச் சொன்னதும் லைன் கட்டாகிவிட்டது. ஜிம் ஓனரோ, "அது அவர் தனியா பண்றதுங்க, ஜிம்முக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை" என்றார். ரிசப்ஷன் மேஜைக்குப் பின்னால் அலமாரியில் டப்பாக்களை அடுக்கி, மேலே லைட் போட்டு வைத்திருப்பது அவருடைய ஜிம்மில்தான்.

இதைவிடப் பயமான ஒன்றைத் தம்பி பிறகுதான் சொன்னான். உடம்பு ஏறவில்லை என்று அவன் கேட்டபோது, ஜிம்மில் சின்ன ஜிப் கவரில் பெயரில்லாத மாத்திரைகளைக் கொடுத்து, "மாஸ் மாத்திரை, ஒரு மாசத்துல அஞ்சு கிலோ" என்றிருக்கிறார்கள். நல்லவேளை, இவன் போடவில்லை. எடை கூட்டும் மாத்திரை என்று பெயரில்லாமல் சுற்றுபவற்றில் டெக்ஸாமெதசோன் என்ற ஸ்டீராய்டும், பசியைத் தூண்டும் சைப்ரோஹெப்டடினும் இருப்பது மருத்துவர்களுக்கு நன்கு தெரிந்த விஷயம். முகம் உப்பும், உடம்பில் நீர் கோத்து எடை கூடும், அது தசை இல்லை. ரத்தத்தில் சர்க்கரை ஏறும். நாள்பட எடுத்துவிட்டுத் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்தாகலாம். அதனால் ஏற்கெனவே இப்படி ஏதாவது போட்டுக்கொண்டிருக்கிறவர்கள் நீங்களாக நிறுத்தாமல், மாத்திரையை எடுத்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குப் போய்க் காட்டுங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

சரி, காசு குறைவாக இருப்பவன் என்னதான் சாப்பிடுவது? தம்பியை உட்கார வைத்து நான் போட்டுக் காட்டிய கணக்கையே இங்கே தருகிறேன். வெயிட் தூக்குகிறவனுக்கு எடையில் ஒரு கிலோவுக்கு 1.6 கிராம் புரதம் இருந்தால் தாராளம். அறுபது கிலோ என்றால் நாளுக்கு 96 கிராம். நாலு முட்டையில் 24 கிராம், 28 ரூபாய். ஆவின் நீலப் பாக்கெட் அரை லிட்டரில் 15 கிராம், 20 ரூபாய். மீல் மேக்கர் என்றால் பலரும் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் நூறு கிராமில் 52 கிராம் புரதம் இருக்கிறது, இந்த விலையில் அதற்கு ஈடாக எதுவும் இல்லை. வெந்நீரில் ஊறவைத்து, இரண்டு முறை நன்றாகப் பிழிந்து, வெங்காயம் மிளகுத்தூள் போட்டு வதக்கினால் அந்தப் பச்சை வாசனை போய்விடும். உலர்ந்த எடையில் 50 கிராம் போதும், 26 கிராம் புரதம், பத்து ரூபாய்க்குள் முடியும். ஒரு கை நிலக்கடலை, ஒரு கை கொண்டைக்கடலைச் சுண்டல், இரண்டும் சேர்ந்து 22 கிராம், பதினைந்து ரூபாய். கூட்டினால் 87. மெஸ்ஸில் சாப்பிடும் சோறு, இட்லி, சாம்பாரிலிருந்து மிச்சமும் அதற்கு மேலும் வந்துவிடும். பருப்பில் குறைவாக உள்ள அமினோ அமிலம் அரிசியில் இருக்கிறது, அரிசியில் குறைவானது பருப்பில் இருக்கிறது. சாம்பார் சாதம் நாம் நினைப்பதைவிட நல்ல சாப்பாடு.

மொத்தம் எழுபத்து மூன்று ரூபாய். அந்த டப்பா தினம் இரண்டு ஸ்கூப் என்றால் பதினாறு நாளில் காலி, நாளுக்கு 170 ரூபாய்க்கு மேல். பவுடர் சுத்தமான ஒரிஜினலாகவே இருந்தாலும், ஸ்கூப்புக்கு 24 கிராம் வீதம் டப்பா முழுக்க எண்ணூறு கிராம் புரதம் தேறாது. அதே 2,800 ரூபாய்க்கு முட்டை ஏழு ரூபாய் என்று வைத்தாலும் 400 முட்டை வரும். 2,400 கிராம் புரதம். தம்பி இந்தக் கணக்கை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டான். இப்போது பாலும் முட்டையும் திரும்ப வந்துவிட்டன. எங்கள் கார்டுக்கு ரேஷனில் மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது, அதில் பாதியை அவனுக்குக் கொடுத்தனுப்புகிறேன். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்காமல் இப்படிப் புரதத்தைக் கூட்ட வேண்டாம்.

உங்களிடமும் இதே மாதிரி டப்பா இருந்தால் கோபத்தில் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மிச்சப் பவுடரோடு மூடி வையுங்கள். லேபிளின் நாலு பக்கமும், பேட்ச் எண், சீல், ஜிபே அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், ட்ரெய்னர் அனுப்பிய வாட்ஸ்அப் மெசேஜ் எல்லாவற்றையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறைக்கு 94440 42322 என்ற வாட்ஸ்அப் எண்ணில் அனுப்பலாம். நீங்களே பணம் கட்டி அரசு உணவுப் பகுப்பாய்வுக் கூடத்தில் சோதிக்கவும் 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் வழி இருக்கிறது. ஆனால் வாங்கும்போதே விற்பவரிடம் அதைச் சொல்லியிருக்க வேண்டும் என்று நிபந்தனை உள்ளதால், இந்த மாதிரி ஏமாந்தவர்களுக்கு அது உதவாது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் நேரில் வந்து மாதிரி எடுப்பதுதான் நடக்கக்கூடிய வழி. பணத்தைத் திரும்பக் கேட்க தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதிலும் சரியாகவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது.

நாங்கள் வாட்ஸ்அப்பிலும் 1915-லும் புகார் கொடுத்துவிட்டோம். பணம் இன்னும் வரவில்லை. அலமாரி இப்போது காலியாக இருக்கிறது என்று தம்பி சொல்கிறான். டப்பாக்கள் ஜிம்மிலிருந்து ட்ரெய்னரின் பைக் பெட்டிக்கு மாறியிருக்கலாம். அதே ஜிம்மில் அவரிடம் வாங்கிய மற்ற பையன்களும் தனித்தனியாகப் புகார் கொடுத்தால் நன்றாக இருக்கும். ஒரே ஆள் புகாரை "தனிப்பட்ட பிரச்சினை" என்று தட்டிவிடுவது அவர்களுக்குச் சுலபம்.