இணைய மனுவுக்கு 2 நட்சத்திரம், கருத்துக் கடிதத்துக்கு 4

அப்பாவுக்குக் கண் பார்வை போய் ஒன்பது வருடம். கடைகளில் கார்டு தேய்க்கும் பழைய இயந்திரத்தில் ஐந்தாம் எண் மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். விரலால் தடவி அதைப் பிடித்தால் போதும், ரகசிய எண்ணை அவரே அடித்துவிடுவார். வழவழவென்று கண்ணாடித் திரை வந்தது, புள்ளி போயிற்று. இப்போது கல்லாவில் இருக்கும் பையனின் காதில் நான்கு எண்ணையும் சொல்கிறார். "ஊருக்கே தெரிஞ்சதுக்குப் பேரு ரகசிய எண்ணாடா?"

இதை அரசாங்கத்தின் காதில் போட மூன்று வழிகளைப் பயன்படுத்திப் பார்த்தேன்.

முதலில் இணைய மனு. பத்து நிமிட வேலை. எண்ணிக்கை ஏறுவதைப் பார்ப்பது ஒரு போதை. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து பார்த்திருக்கிறேன். 1,100 சொச்சத்தில் நின்றது. 'தங்கள் கருத்து குறித்துக்கொள்ளப்பட்டது' என்று ஒரு வரி வந்தது. கூட்டம் போதவில்லை போல என்று நினைத்தேன். அதுவும் முழு உண்மையில்லை. பிரிட்டனில் 10,000 கையெழுத்து சேர்ந்தால் அரசு பதில் தரும். 1,00,000 தாண்டினால் விவாதத்துக்குப் பரிசீலிப்பார்கள். 2019-இல் பிரெக்சிட்டை, அதாவது ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரிட்டன் விலகுவதை, கைவிடக் கோரிய மனுவில் 60 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். விவாதமும் நடந்தது, அரசு அசையவில்லை. சுவிட்சர்லாந்து கதை வேறு: நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தை எதிர்த்து 100 நாளில் 50,000 கையெழுத்து சேர்ந்தால், அது மக்கள் வாக்கெடுப்புக்குப் போயே தீர வேண்டும். ஆகவே எண்ணிக்கை எட்டினால் அவர்கள் என்ன செய்யக் கடமைப்பட்டவர்கள் என்று பார்த்துவிட்டுக் கையெழுத்து வேட்டைக்குக் கிளம்புங்கள்.

எம்.பி.க்குக் கடிதம்: 3 நட்சத்திரம். தொகுதி முகவரி போடாமல் அனுப்பியதற்குப் பதிலே இல்லை. முகவரியோடு அனுப்பியதும் பத்தே நாளில் உதவியாளர் போன் செய்தார். வாக்காளர் என்றால் தனி மரியாதைதான்.

அசத்தியது மூன்றாவது. விதி ஒன்றை இறுதி செய்யுமுன் வரைவை வெளியிட்டு, பொதுமக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள். கார்டு இயந்திரங்களுக்கான வரைவு ஒன்று வந்திருப்பதைக் கண்டுபிடிப்பதற்குள், கருத்துச் சொல்லத் தந்த 30 நாளில் 19 போய்விட்டது. 46 பக்கம், அதுவும் ஸ்கேன் செய்த படம். அப்பாவின் போன் ஒரு எழுத்தைக்கூட வாசித்துக் காட்டவில்லை. ஒரு நட்சத்திரம் அங்கேயே போச்சு.

அலுவலகத்துக்குப் போன் போட்டேன். எடுத்த அம்மா, "விதி எண் போட்டு எழுதுங்க சார், பொதுவா எழுதினா எதுல சேர்க்கிறதுன்னே தெரியாது" என்றார். நான் ஏற்கெனவே நாலு பக்கத்துக்குப் பொங்கி எழுதி வைத்திருந்ததைக் கிழித்துப் போட்டேன். விதி 14 இப்படி இருந்தது: 'இயன்றவரை, தொட்டு உணரக்கூடிய விசைகள் அமைய வேண்டும்.' அந்த 'இயன்றவரை'தான் ஓட்டை. அதை நீக்குங்கள், பழைய இயந்திரங்களுக்கும் ஒரு கெடு வையுங்கள் என்று ஒன்றரைப் பக்கம். அப்பா கதை ஐந்தே வரி.

இந்தியாவில் 2015-இல் இணையச் சமவாய்ப்புக்காக, அதாவது எல்லா இணையத்தளங்களையும் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று கேட்டு, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கு 10 லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் குவிந்தன. 2016 பிப்ரவரியில் பாகுபாடான டேட்டா கட்டணத்துக்குத் தடை வந்தது. அங்கே கூட்டமும் இருந்தது, கருத்துக் கேட்கிற நேரமாகவும் இருந்தது. எனக்குக் கூட்டம் இல்லை, நேரம் மட்டும் வாய்த்தது.

ஏழு மாதம் கழித்து இறுதி விதி வந்தது. 'இயன்றவரை' காணோம். என் கடிதத்தாலா, வேறு யாராவதும் எழுதினார்களா என்று சொல்ல வழியில்லை. கிடைத்தது என்று ஒரு ரசீதுகூட அவர்கள் அனுப்பவில்லை. பழைய இயந்திரங்களைப் பற்றி மூச்சே இல்லை.

போன வாரம் ஒரு கடையில் புது இயந்திரம். அப்பா விரலை ஓட்டினார், ஐந்தில் நின்றார். பிறகு என்னைப் பார்த்து, "நீயும் அந்தப் பக்கம் திரும்பி நில்லுடா" என்றார்.