மாதுளைக்கு வெல்லப்பாகுப் பொறி: நாலு மழைக்கால அனுபவம்

நாலு மழைக்காலமாக என் மாதுளைத் தோட்டத்தில் வெல்லப்பாகுப் பொறி வைக்கிறேன். பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. ஆனால் பழம் மணக்கத் தொடங்குமுன் கட்டிவிட வேண்டும்.

தொல்லை தருவது பழச்சாறு உறிஞ்சும் அந்துப்பூச்சி. பொதுவாகப் புழுதான் கெடுக்கும். இதில் தாய்ப்பூச்சியே வில்லன். முன்சிறகு காய்ந்த இலை மாதிரி, விரித்தால் பின்சிறகு ஆரஞ்சு. இருட்டியதும் வந்து தோலைக் குத்தி உறிஞ்சும். ஓட்டை குண்டூசி முனை அளவுதான். ஆனால் அதன் வழியே பூஞ்சை இறங்கி, பழம் அழுகிக் கொட்டிவிடும்.

கனியும்போது பழம் விடுகிற எஸ்டர் (பழவாசனை தரும் வேதிப்பொருள்) மணமும், புளிக்கும்போது எழும் ஆல்கஹால், வினிகர் வாடையும் அதை இழுக்கின்றன. பொறியிலும் அதே சரக்குதான்: 10 லிட்டர் தண்ணீர், 1 கிலோ வெல்லம், கனிந்த வாழைப்பழம் கொஞ்சம். இரண்டு நாள் புளித்தபின் 10 மில்லி மாலத்தியான் பூச்சிமருந்து. சிரட்டையில் ஊற்றி, ஆடு எட்டாத உயரத்தில் வேலியோரம் கட்டுகிறேன். முதல் வருடம் புளிக்க வைக்காமல் கட்டினேன், எறும்புக்கு விருந்தானது.

எனக்குப் பிடித்தது, பெண் பூச்சியும் விழுவது. பெண் பூச்சியின் வாசனையை வைத்து இழுக்கும் இனக்கவர்ச்சிப் பொறியில் ஆண் மட்டும்தான் சிக்கும். ஆப்பிளைக் கெடுக்கும் காட்லிங் அந்துப்பூச்சிக்கும் இதே கதை. பேரிக்காய் மணத்துக்குக் காரணமான எஸ்டர் ஒன்று அதில் ஆண், பெண் இரண்டையும் இழுப்பதை 2001-ல் அமெரிக்க வேளாண்துறை ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நம் பூச்சிக்கு அப்படி ஒரு வாசனைக் குப்பி கடையில் கிடைத்தால் வெல்லம் கரைக்கும் வேலை மிச்சம்.

குறை என்னவென்றால், அறுவடை நெருங்கும்போது பொறி தோற்கிறது. தோட்டமே மணக்கையில் பத்துச் சிரட்டை என்ன செய்யும்? இரண்டாம் வருடம் சிரட்டையில் நாலைந்து பூச்சி, மரத்தடியில் கூடை கூடையாய் அழுகல். அப்போதிருந்து காய் திரண்டதும் பை கட்டுகிறேன், விழுந்த பழத்தை அன்றன்றே புதைக்கிறேன். பை கட்டக் கூலி அதிகம்தான், ஆனால் கடைசி மூன்று வாரம் காப்பாற்றுவது அதுதான். பூச்சியை விரட்டப் போடும் புகைமூட்டம் காற்று அடித்தால் வீண்.

இதன் புழு வளர்வது சீந்தில் கொடியில். என் வேலியில் இருந்ததை வேரோடு பிடுங்கிவிட்டேன். பக்கத்துத் தோட்டத்து அண்ணனிடமும் சொன்னேன். "காய்ச்சலுக்குக் கஷாயம் வைக்க வேணுமேப்பா" என்கிறார். கொடி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அந்தப் பக்கம் மட்டும் இரண்டு சிரட்டை கூடுதலாகக் கட்டியிருக்கிறேன்.