'மெயில் எல்லாம் எடுத்தாச்சு அண்ணாச்சி': 8,400 ரூபாயும் 19 ஆண்டுக் கடிதங்களும் போன கதை

நேற்று மாலை நான்காவது முறையாக அந்தக் கடைக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வண்ணார்பேட்டைக்குத் திரும்பினேன். கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றே இதை எழுதுகிறேன். ஆறிவிட்டால் 'நமக்கு எதற்கு வம்பு' என்று நானும் சும்மா இருந்துவிடுவேன், அடுத்த வாரம் இன்னொருவர் அதே மேசைமேல் தம் கணினியைக் கொண்டுபோய் வைப்பார். கடையின் பெயரைச் சொல்லப் போவதில்லை. பாளையங்கோட்டையில் கணினி விற்பனையும் பழுதுபார்ப்பும் ஒன்றாகச் செய்கிற கடைகளில் ஒன்று என்ற அளவோடு நிறுத்திக்கொள்கிறேன். போன பணம் 8,400 ரூபாய். அதோடு, 2006 முதல் நான் எழுதியதும் எனக்கு வந்ததுமான மின்னஞ்சல்கள் அத்தனையும் போயின.

என்னிடம் இருப்பது 2019இல் வாங்கிய மேசைக் கணினி. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது என்ற அறிவிப்பு திரையில் அடிக்கடி வந்துகொண்டிருந்தது. கணினியும் திறப்பதற்குள் ஒரு காப்பி குடித்து முடிக்கலாம் என்கிற வேகத்தில் இருந்தது. கடையில் காட்டினேன். புதிதாக ஒரு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்கைவிட வேகமான சேமிப்பகம்) போட்டு அதில் விண்டோஸ் 11ஐ ஏற்றலாம், பழைய ஹார்ட் டிஸ்கை இரண்டாவது டிரைவாக உள்ளேயே வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். எஸ்எஸ்டிக்கு 2,200 ரூபாய், பேக்கப் எடுத்துத் திரும்பப் போட்டுத் தரும் வேலைக்கு 1,200 ரூபாய் என்று பேசி முடித்தோம். அதில் எனக்கு ஒரு குறையும் தோன்றவில்லை.

நான் கேட்காமல் விட்டுவிட்டேன் என்று இப்போது அவர்கள் சொல்வதால், கேட்டதை இங்கே எழுதுகிறேன். கணினியைக் கொடுத்த வெள்ளிக்கிழமையே, "தம்பி, இதில் தண்டர்பேர்டு என்ற மென்பொருளில்தான் என் மெயில் எல்லாம் இருக்கிறது, படம், பாட்டு போனால்கூடப் பரவாயில்லை, அது போகக் கூடாது" என்று நின்று சொன்னேன். அந்தப் பையன் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்துவிட்டு, "கவலப்படாதீய அண்ணாச்சி, ஒண்ணு விடாம எடுத்துருவோம்" என்றான். திங்கட்கிழமை பணத்தை எண்ணிக் கொடுப்பதற்கு முன்பும் கேட்டேன். "மெயில் எல்லாம் எடுத்தாச்சு அண்ணாச்சி, தனி ஃபோல்டரே போட்டு வச்சிருக்கோம்" என்று திரையைத் திருப்பிக் காட்டினான். டெஸ்க்டாப்பில் 'மெயில் பேக்கப்' என்ற பெயரில் மஞ்சள் நிற ஃபோல்டர் ஒன்று இருந்தது. அதைத் திறந்து காட்டு என்று நான் சொல்லவில்லை. அவன் அண்ணாச்சி என்று அழைத்த விதத்திலும், அந்தப் பெயரைத் தமிழில் தட்டச்சு செய்து வைத்திருந்த அக்கறையிலும் மனம் நிறைந்துபோய், 3,400 ரூபாயைக் கொடுத்துவிட்டு ஆட்டோ பிடித்தேன்.

வீட்டுக்கு வந்து ஃபோல்டரைத் திறந்தால் உள்ளே இருந்தது ஒரே ஒரு கோப்பு. தண்டர்பேர்டைத் திறக்கும் சின்னம் மட்டும், அதாவது ஷார்ட்கட். அளவு 2 கேபி. என் கணினியின் பழைய டெஸ்க்டாப்பில் இருந்த அந்தச் சின்னத்தைப் பிடித்து இழுத்து ஒரு ஃபோல்டருக்குள் போட்டதைத்தான் பேக்கப் என்று சொல்லியிருக்கிறார்கள். வீட்டுச் சாவியைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு வீட்டையே பெயர்த்துக் கொண்டுவந்துவிட்டோம் என்றால் எப்படி இருக்கும்? இதற்கு 1,200 ரூபாய்.

அன்று இரவே சென்னையில் இருக்கும் மருமகனை அழைத்தேன். 2014இல் விண்டோஸ் எக்ஸ்பி காலம் முடிந்தபோது அவுட்லுக் எக்ஸ்பிரஸிலிருந்து தண்டர்பேர்டுக்கும், 2019இல் பழைய கணினியிலிருந்து இந்தக் கணினிக்கும் என் கடிதங்களை மாற்றித் தந்தது அவன்தான். அவன் சொன்ன பிறகே எனக்கு விளங்கியது. தண்டர்பேர்டு தன் கடிதங்களை டாக்குமெண்ட்ஸில் வைப்பதில்லை. சி டிரைவில் யூசர்ஸ், அதற்குள் நம் பெயர், அதற்குள் ஆப்டேட்டா, அதற்குள் ரோமிங், பிறகு தண்டர்பேர்டு, புரொபைல்ஸ் என்று அடுக்கடுக்காக உள்ளே போக வேண்டும். அதில் ஆப்டேட்டா என்பது மறைக்கப்பட்ட ஃபோல்டர். சாதாரணமாகப் பார்த்தால் கண்ணுக்கே தெரியாது. அந்தப் புரொபைல் ஃபோல்டரை முழுதாக எடுத்துப் புதிய இடத்தில் வைத்து, மென்பொருளுக்கு அதைச் சுட்டிக் காட்டினால் கடிதங்கள், முகவரிகள், கணக்கு அமைப்புகள் எல்லாம் இருந்தபடியே வந்துவிடும். வேறு வித்தை எதுவும் கிடையாது. கடைக்காரர்கள் டெஸ்க்டாப், டாக்குமெண்ட்ஸ், டவுன்லோட்ஸ் மூன்றையும் எடுத்துவிட்டு மற்றதைத் துடைத்திருக்கிறார்கள்.

மின்னஞ்சல் தருகிற நிறுவனத்தின் சர்வரில் இருக்குமே என்று பலர் கேட்பீர்கள். என் முகவரி 2006இல் இணைய இணைப்போடு கிடைத்தது; பெட்டி சிறியது. அதனால் பாப் முறையில், கடிதம் கணினிக்கு இறங்கிய 14 நாளில் சர்வரிலிருந்து அழிந்துவிடும்படி வைத்திருந்தேன். ஒரே இடத்தில் மட்டும் வைத்திருந்தது என் தவறு, அதை மறுக்கவில்லை. புதிதாகக் கணக்கை அமைத்தபோது இறங்கியவை 11 கடிதங்கள். அவற்றில் ஏழு விளம்பரம்.

என்ன பெரிய கடிதங்கள் என்று அந்தக் கடை உரிமையாளரும் கேட்டார். என் அண்ணன் மலேசியாவின் ஈப்போவில் இருந்தார், 2019இல் காலமானார். சேரன்மகாதேவியில் எங்களுக்குள்ள நிலத்தின் கிணற்றுப் பங்கு பற்றி அவர் 2011இல் தம் சம்மதத்தை எழுதி அனுப்பிய கடிதம் அதில்தான் இருந்தது. ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவார். ஒவ்வொரு கடிதத்தின் முடிவிலும் ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்பார். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் அந்த ஆறு ஊருக்குள் வந்தபோது, அரிசிப் பையைக்கூட விட்டுவிட்டு நான் முதலில் மாடிக்குத் தூக்கிச் சென்றது இந்தக் கணினியைத்தான். தாமிரபரணியிடமிருந்து காப்பாற்றியதை நானே ஆட்டோவில் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

மறுநாள் கடைக்குப் போனேன். பழைய ஹார்ட் டிஸ்கில் இருந்து ரிக்கவரி செய்யலாம், 5,000 ரூபாய் முன்பணம் வேண்டும் என்றார்கள். இங்கேதான் நான் இரண்டாவது முறை ஏமாந்தேன். அந்த டிஸ்கை அவர்கள் பார்மட் செய்தது மட்டுமல்ல, வெளியே எடுத்து வைத்திருந்த படங்களையும் பாட்டுகளையும் அதன்மேலேயே திரும்பக் கொட்டியிருக்கிறார்கள். பார்மட் செய்த டிஸ்கில் பழைய கோப்புகள் மேலெழுதப்படும் வரை ஓரளவு மிஞ்சியிருக்கும். மேலே புதிதாக எழுதிவிட்டால் அந்த இடத்தில் இருந்தது போனதுதான். இது அவர்களுக்குத் தெரியாமல் இருக்க முடியாது. தெரிந்தே 5,000 ரூபாய் வாங்கினார்கள்.

அதன் பிறகு நடந்தது நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கமானதுதான். தொலைபேசியில் அழைத்தால் "மாஸ்டர் நாகர்கோவில் போயிருக்காரு". நேரில் போனால் "இப்பம்தான் சாப்பிடப் போனாரு". ஒரு வாரம் கழித்து ஒரு பென்டிரைவைக் கொடுத்தார்கள். அதில் 312 கோப்புகள். எல்லாம் இணையப் பக்கங்களில் இருந்து கணினி தானாகச் சேமித்த தபால்தலை அளவுப் படங்கள். ஒரு கடிதம்கூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கேட்டபோது உரிமையாளர், "சார், முயற்சி பண்ணுனதுக்குத்தான் காசு, கிடைச்சதுக்கு இல்ல" என்றார். அண்ணாச்சி எப்போது சார் ஆனேன் என்று எனக்கே தெரியவில்லை. நேற்று அந்தப் பையன் என்னைப் பார்த்ததும் உள்ளே போய்விட்டான். கணினியைக் கொடுத்த அன்று தந்த சீட்டில் ஒன்றும் இல்லை. திருப்பி வாங்கிய அன்று தந்த சீட்டில் மட்டும் 'டேட்டாவுக்குக் கடை பொறுப்பல்ல' என்று ரப்பர் முத்திரை குத்தியிருப்பதை நேற்று உரிமையாளர் விரலால் தொட்டுக் காட்டிய பிறகே கவனித்தேன். 5,000 ரூபாய்க்குச் சீட்டே இல்லை; நல்லவேளையாக அலைபேசி வழியாகச் செலுத்தியதால் அந்தப் பதிவு இருக்கிறது.

வீட்டுக் கணினியில் மின்னஞ்சலை எப்படிப் பேக்கப் எடுப்பது, எப்படித் திரும்பப் போடுவது என்று படிப்படியாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. இவற்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். கணினியைக் கடைக்குக் கொடுப்பதற்கு முன் தண்டர்பேர்டை மூடிவிட்டு, அந்தப் புரொபைல் ஃபோல்டரை நீங்களே ஒரு வெளி டிரைவில் நகலெடுங்கள். அதன் அளவைத் தாளில் எழுதி வையுங்கள். என்னுடையது ஏறக்குறைய 7 ஜிபி இருந்தது, 2 கேபி அல்ல. மென்பொருளிலேயே எக்ஸ்போர்ட் வசதி உண்டு என்றாலும் 2 ஜிபிக்கு மேல் போனால் அது ஒத்துவராது, நேரடியாக நகலெடுப்பதே மேல். அவுட்லுக் வைத்திருப்பவர்கள் பிஎஸ்டி (.pst) என்று முடியும் கோப்பைத் தேடுங்கள். பழைய டிஸ்கை ஒரு மாதமாவது தொடாமல் தனியே எடுத்து வையுங்கள். கடையில் பணம் கொடுப்பதற்கு முன், பத்து வருடத்துக்கு முந்தைய கடிதம் ஒன்றை அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். ரிக்கவரிக்கு முன்பணம் கேட்டால், கிடைக்கக்கூடிய கோப்புகளின் பட்டியலை முதலில் கேளுங்கள்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று காலை புகாரைப் பதிந்துவிட்டேன். தீரவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. 8,400 ரூபாய்க்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்கிறார்கள்.

ஈப்போவில் இருக்கும் அண்ணன் மகளுக்கும் எழுதியிருக்கிறேன். அண்ணன் பயன்படுத்திய பழைய கணினி இன்னும் அவருடைய அறையிலேயே மூடி வைக்கப்பட்டிருக்கிறதாம். அதை யாரிடமும் சர்வீஸுக்குக் கொடுத்துவிடாதே அம்மா என்று முதல் வரியிலேயே எழுதினேன்.