எட்டனர்செப்ட், அடலிமுமாப்: ஊசி போட்ட இடத்துத் தடிப்போடு சில வருடங்கள்

எனக்கு அங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸ், அதாவது முதுகுத்தண்டு இறுகிப்போகிற வாதம். வலி மாத்திரைகள் கைவிட்ட பிறகு வாதநோய் மருத்துவர் நோய் எதிர்ப்பை அடக்குகிற எட்டனர்செப்ட் ஊசியைத் தொடங்கினார். அது முதுகுக்கு நன்றாகவே கேட்டது. நடுவில் கண்ணுக்குள் அழற்சி வந்தது. மூட்டுக்குக் கேட்கிற அளவுக்கு இந்த மருந்து கண்ணுக்குக் கேட்காது என்று சொல்லி அடலிமுமாபுக்கு மாற்றினார். முன்னது வாரம் ஒருமுறை 50 மில்லிகிராம், பின்னது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 40 மில்லிகிராம். ஏகாதசி மாதிரிதான், ஏகாதசி கிழமை மாறி மாறி வரும், எனக்கு எப்போதும் சனிக்கிழமை. இரண்டு ஊசியையும் வீட்டில் நானே போட்டுப் பழகியவள். நோய் எவ்வளவு குறைந்தது என்பதை இங்கே எழுதப்போவதில்லை. தரையில் உட்கார்ந்து எழ முடிகிறது, அது போதும். இது தோலின் கதை.

எட்டனர்செப்டில் முதல் ஊசிக்கு ஒன்றும் ஆகவில்லை. அடுத்தடுத்த ஊசிகளில் ஒரு நாள் கழித்துத் தொடை தடித்தது. உள்ளங்கை அகலத்துக்கு வீக்கம், தொட்டால் சூடு, சொறியாமல் இருக்க முடியாத அரிப்பு. பாளையங்கோட்டை வீட்டில் அத்தை பார்த்துவிட்டு, "காணாக்கடி மாதிரில்லா தடிச்சிருக்கு, வேப்பிலை அரைச்சுப் போடவாம்மா?" என்றார். திருநீறு போட்டு மந்திரிக்கவும் ஒருவரை வைத்திருந்தார். நான் மருத்துவரை அழைத்தேன். மூச்சு, முகம், உதடு எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, "அடுத்த ஊசியை நிறுத்தாதீங்க, வேற இடத்துல போடுங்க" என்றார்.

அவர் பதறாததற்குக் காரணம் இருக்கிறது. முடக்குவாத நோயாளிகளிடம் நடந்த ஆய்வுகளில் எட்டனர்செப்ட் போட்ட நூறு பேரில் 37 பேருக்கு ஊசி போட்ட இடத்தில் இப்படி ஏதாவது வந்தது. மருந்தில்லாத ஊசி போட்டவர்களில் சுமார் 10 பேருக்கு. பெரும்பாலும் முதல் மாதத்தில் வரும், மூன்று முதல் ஐந்து நாளில் அடங்கும், போகப்போகக் குறையும். எனக்கும் அப்படியே குறைந்தது. விசித்திரம் ஒன்று சொல்ல வேண்டும். இடது தொடையில் புதிதாகப் போட்டபோது, போன வாரம் போட்ட வலது தொடை இடமும் கூடவே தடித்தது. ஊசியே படாத இடம் ஏன் தடிக்கிறது என்று குழம்பிப்போனேன். இதுவும் அந்த மருந்தின் குறிப்பிலேயே இருக்கிறது. நூற்றுக்கு ஏழு பேருக்கு வருமாம்.

மருந்துக் குறிப்புகளில் எனக்குள்ள பெரிய குறை, "சிவந்தால் கவனிக்கவும்" என்ற வரிதான். எங்கள் வீட்டில் யார் தோல் சிவக்கும்? மாநிறத்துக்கும் கறுப்புக்கும் சிவப்பு தெரியாது. கொஞ்சம் கூடுதலாகக் கறுத்த மாதிரி, இல்லையென்றால் ஊதாவாக ஒரு நிழல் தெரியும், அவ்வளவுதான். ஆகவே கண்ணை நம்பாமல் புறங்கையை நம்பினேன். ஊசி போட்ட தொடையையும் போடாத தொடையையும் புறங்கையால் மாறி மாறித் தொட்டால் சூடு தெரிந்துவிடும். விரலால் தடவினால் தடிப்பின் ஓரம் அகப்படும். அந்த ஓரத்தைச் சுற்றிப் பால்பாயின்ட் பேனாவால் ஒரு கோடு. மறுநாள் தடிப்பு கோட்டுக்குள்ளேயே இருந்தால் நான் என் வேலையைப் பார்ப்பேன். கோட்டைத் தாண்டிக்கொண்டே போனால் மருத்துவமனை. இந்தப் பேனாக் கோட்டைவிட உருப்படியான உதவியை நான் எந்தக் கடையிலும் வாங்கியதில்லை.

அரிப்புக்கு, மெல்லிய துணியில் சுற்றிய ஐஸை அவ்வப்போது சில நிமிடம் வைப்பேன். இரவில் தூக்கம் கெட்டால் மருத்துவர் எழுதிக்கொடுத்த லீவோசெட்ரிசின் என்ற ஒவ்வாமை மாத்திரை. தேய்க்கவோ நீவிவிடவோ கூடாது. அத்தையின் வேப்பிலை விழுதை ஊசி குத்திய துளை மேல் போட நான் சம்மதிக்கவில்லை. நோய் எதிர்ப்பை அடக்குகிற மருந்து உடம்பில் இருக்கும்போது அம்மித் தண்ணீரை நம்ப முடியாது. மருந்துக் கடையில் சீட்டில்லாமல் நீட்டுகிற ட்யூபையும் வேண்டாம் என்பேன். ஸ்டீராய்டு, பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து மூன்றும் ஒன்றாகக் கலந்தது அது. அரிப்பு உடனே நிற்கும், உண்மைதான். ஆனால் விடாமல் பூசினால் தோல் மெலிந்துபோகும். உள்ளே கிருமித் தொற்று இருந்தால் அதையும் மூடி மறைத்துவிடும்.

அடலிமுமாபின் குணம் நேர் எதிர். தடிப்பு குறைவு, ஆய்வுகளிலும் நூற்றுக்கு 20 பேர்தான், மருந்தில்லாத ஊசிக்கு 14. ஆனால் போடும்போது எரிந்தது பாருங்கள், பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பேன். ஊசிமுனை குத்துவது பெரிய விஷயமே இல்லை, மருந்து உள்ளே இறங்கும்போதுதான் எரிச்சல். பழைய தயாரிப்பு முறையில் மருந்தோடு சிட்ரேட் உப்பு சேர்ந்திருக்கும், அளவும் 0.8 மில்லி. பின்னால் வந்த தயாரிப்புகளில் சிட்ரேட்டை எடுத்துவிட்டு, அதே 40 மில்லிகிராமை 0.4 மில்லியில் அடக்கினார்கள். இது தெரிந்ததும் மருத்துவரிடம் கேட்டேன். விசாரித்துச் சிட்ரேட் இல்லாததை எழுதிக்கொடுத்தார். அன்றைக்கு ஊசி போட்டு முடித்தும் எரிச்சலுக்காகக் காத்துக்கொண்டிருந்தேன், வரவில்லை. என் அனுபவத்தில் இதைப் போல வித்தியாசம் காட்டியது வேறு எதுவும் இல்லை.

பழையதே கிடைக்கிறவர்களுக்கும் கொஞ்சம் வழி உண்டு. குளிர்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு போட்டால் எரிச்சல் அதிகம். கால் மணியிலிருந்து அரை மணி வரை வெளியே வைக்கச் சொல்வார்கள். மே மாதத் திருநெல்வேலியில் கால் மணிக்கு மேல் நான் வைப்பதில்லை. வெந்நீரில் முக்கவே கூடாது. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்த இடம் நன்றாக உலர வேண்டும். ஈரத்தோடு குத்தினால் ஸ்பிரிட்டும் உள்ளே போய் எரிக்கும். இந்த மருந்து பேனா வடிவ ஊசியாகவும் வரும், சிரிஞ்சாகவும் வரும். இரண்டும் போட்டுப் பார்த்ததில் என் ஓட்டு சிரிஞ்சுக்கே. பேனாவை அழுத்தினால் அது தன் வேகத்தில் தள்ளிவிட்டு நிற்கும். சிரிஞ்சில் எரிந்தால் கட்டைவிரலை நிதானமாக்கலாம். விரல் மூட்டு வீங்கிப் பிடிப்பு இல்லாதவர்களுக்குப் பேனாதான் சரி.

இடம் மாற்றுவதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், சேலை கட்டுகிறவர்களுக்குச் சொல்ல மாட்டார்கள். தொப்புளிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் தள்ளி வயிற்றில் போடலாம், சரி. அந்த இடத்தில்தானே பாவாடை நாடா இறுக்குகிறது! வேர்வையும் நாடா உரசலும் சேர்ந்து, சும்மா அடங்க வேண்டிய தடிப்பைக் கிளறிவிடும். ஆகவே வெயில் காலம் முழுக்கத் தொடைதான். வயிற்றில் போட்டால் அன்றும் மறுநாளும் நைட்டி. எந்தப் பக்கம் போட்டேன் என்பதைத் தினசரி காலண்டர் தாளில் எழுதினால் கிழித்த தாளோடு போய்விடும் என்று மாதக் காலண்டரில் எழுதுகிறேன். தழும்பு, கன்றிய இடம், கட்டி தட்டிய இடம் எதிலும் போடுவதில்லை. தடிப்பு அடங்கிய இடத்தில் கறுப்புத் திட்டு மாதக்கணக்கில் நிற்கும். அதற்கு நான் எதுவும் பூசவில்லை.

எப்போது ஓட வேண்டும்? முகம், உதடு, நாக்கு வீங்கினாலோ மூச்சு இழுத்தாலோ உடம்பெல்லாம் தடிப்பு கிளம்பித் தலை சுற்றினாலோ யோசிக்காமல் 108. காய்ச்சலோடு இடம் பரவி வலித்தால், சீழ் கட்டினால் அன்றே மருத்துவர். உள்ளங்கை, உள்ளங்காலில் செதில் செதிலாகவோ கொப்புளமாகவோ வந்தால் அதையும் அவரிடம் காட்டுங்கள். சொரியாசிஸுக்குக் கொடுக்கிற இதே மருந்து சிலருக்குச் சொரியாசிஸ் மாதிரியான தோல் நோயைக் கொண்டுவரும். ரப்பர் ஒவ்வாமை உள்ளவர்கள் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், சில சிரிஞ்சுகளின் ஊசி மூடியில் இயற்கை ரப்பர் இருக்கும்.

இன்னொன்று. கடைக்காரர் சில சமயம் "அதே மருந்துதாம்மா, கம்பெனி மட்டும் வேற" என்று வேறு பெட்டியை எடுத்துவைப்பார். மருந்து அதேதான் இருக்கலாம், கூடச் சேர்ப்பவை வேறாக இருக்கும். பணம் கொடுக்கும் முன் பெட்டியில் 0.4 மில்லியா 0.8 மில்லியா என்று பார்த்து, உள்ளே உள்ள தாளில் சிட்ரேட் இருக்கிறதா என்று படித்து, மருத்துவரைக் கேட்டுவிட்டு வாங்குகிறேன். பெட்டியில் உள்ள தொகுதி எண்ணை, அதாவது பேட்ச் நம்பரை, கைபேசியில் படம் எடுத்துக்கொள்கிறேன். வழக்கத்துக்கு மாறாகத் தடித்தால் மருத்துவர் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.